பழைய லென்ஸும் புளித்த நெகடிவும்

"என்ன இருந்தாலும் அந்தக் காலத்து லென்ஸ் மாதிரி வருமா?"

இந்த ஒரு வாக்கியத்தைக் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேர் வாயால் கேட்டுவிட்டேன்! கடற்கரைச் சாலையில் காலை நடைக்கு வரும் என் வயதுக்காரர்கள் சொல்கிறார்கள். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் பாயசத்துக்கு நடுவே சொல்கிறார். இப்போது இருபத்தைந்து வயதுப் பையன்களும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். நாம் சொல்வது வயதின் கோளாறு, அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. பையன்கள் சொல்லும்போது கூடவே பணமும் போகிறது. அதற்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வரும். அதைவிட நன்றாகவே வரும், அதுவும் குறைந்த விலையில்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஆப்டிகல் பெஞ்சில் லென்ஸை நிறுத்தி, ஊசியை முன்னும் பின்னும் நகர்த்தி, குவியத் தூரம் கண்டுபிடிக்க மாணவர்களுக்குக் காட்டிக் காட்டியே தலை நரைத்தது. வீட்டில் யாஷிகா மேட் 124 ஜி ஒன்று இருக்கிறது. 50 மி.மீ. டகுமார் லென்ஸோடு பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஒன்று இருக்கிறது. சொல்தாவாக இருந்த என் மாமனார் பிரான்சிலிருந்து கொண்டுவந்த ஃபோகா கேமராவும் அலமாரியில் தூங்குகிறது. பழையதின் அருமை தெரியாதவன் பேசுகிறான் என்று யாரும் என்னைத் தள்ளிவிட முடியாது.

இந்த மோகம் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். ஃபிலிம் காலத்தில் ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி கேமராவில் மாட்டுவது லேசான காரியமில்லை. டிஜிட்டல் வந்து, பிறகு கேமராவுக்குள் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியையும் எடுத்துவிட்டு, மிரர்லெஸ் என்று மெலிதாகச் செய்ய ஆரம்பித்தபோதுதான் கதை மாறியது. 2010-இல் சோனி கொண்டுவந்த இ மவுண்டில், லென்ஸ் உட்காரும் வளையத்துக்கும் சென்சாருக்கும் இடைவெளி வெறும் 18 மி.மீ. பழைய எஸ்.எல்.ஆர். லென்ஸ்கள் 42-லிருந்து 47 மி.மீ. வரை இடைவெளியை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை. நடுவில் ஒரு குழாயை வைத்தால் போதும், எந்த ஊர் லென்ஸும் பொருந்திவிடும். அந்தக் குழாய்க்கு அடாப்டர் என்று பெயர். அதுவரை பரணில் தூசி தின்றுகொண்டிருந்ததெல்லாம் திடீரென்று 'விண்டேஜ்' ஆகிவிட்டது.

நம் ஊருக்கு இது வேகமாக வந்து சேர்ந்ததில் ஆச்சரியமில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே ரோமன் ரோலண்ட் வீதிக்கோ டூமாஸ் வீதிக்கோ போய்ப் பாருங்கள். மஞ்சள் சுவர், காகிதப்பூக் கொடி, அதன் முன்னால் கல்யாணமாகப் போகிற ஒரு ஜோடி, எதிரே நான்கு கேமரா. பழைய சுவருக்குப் பழைய லென்ஸ்தான் பொருத்தம் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் ஒரு காலத்தில் காலி டப்பா விலைக்குக் கிடந்த சாமான்களை இன்று துணி விரித்து, தனியாக வைத்து விற்கிறார்கள்.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பையன், கல்யாணப் படம் எடுத்துப் பிழைக்கிறவன். ஒரு கடையில் ஹீலியோஸ் 44 என்ற ரஷ்ய லென்ஸைப் பன்னிரண்டாயிரம் ரூபாய்க்கு வாங்கி வந்தான். தன்னுடைய நிக்கான் கேமராவில் மாட்ட அடாப்டருக்கு இன்னும் ஆயிரத்தைந்நூறு. ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தான்.

"அங்கிள், கிட்ட எடுத்தா நல்லா இருக்கு. கொஞ்சம் தள்ளிப் போனா எதுவுமே ஷார்ப்பா வரமாட்டேங்குது. என் கை ஆடுதா?"

கை ஆடவில்லை. கணக்குதான் ஆடுகிறது. அந்த ரஷ்ய லென்ஸின் எம் 42 திருகு மவுண்டுக்கு 45.46 மி.மீ. இடைவெளி வேண்டும். நிக்கானின் எஃப் மவுண்டில் இருப்பதோ 46.5 மி.மீ. அடாப்டர் காகிதம் போல மெலிதாக இருந்தாலும் லென்ஸ் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் தள்ளித்தான் நிற்கும். 58 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸ் 1.04 மி.மீ. தள்ளி நின்றால் எவ்வளவு தூரம் வரை தெளிவாகத் தெரியும் என்று பழைய லென்ஸ் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 3.3 மீட்டர். அதாவது பதினோரு அடிக்கு அப்பால் எல்லாமே மங்கல்தான். அடாப்டரின் தடிமனையும் சேர்த்தால் இன்னும் குறையும். கல்யாண மண்டபத்தில் முதல் வரிசை நாற்காலியிலிருந்து மணமேடையே அதைவிட அதிக தூரம்! பின்னால் ஒரு திருத்தக் கண்ணாடி வைத்த அடாப்டரும் விற்கிறார்கள். கோணலான காலுக்குக் கோணலான செருப்பு தைத்த கதை அது. மலிவான அந்தக் கண்ணாடி லென்ஸில் இருந்த கொஞ்சநஞ்சத் தெளிவையும் கெடுத்துவிடும்.

இதே லென்ஸ் கேனானில் ஒழுங்காக வேலை செய்யும், அங்கே இடைவெளி 44 மி.மீ. விற்றவர் "தம்பி, உன்னிடம் என்ன கேமரா இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. 'ரஷ்யன் கிளாஸ், இதுபோல இப்ப எவன் செய்யறான்' என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

ரஷ்யன் கிளாஸ் என்றார் அல்லவா, அதன் பூர்வீகத்தையும் பார்த்துவிடுவோம். ஹீலியோஸ் 44-இன் வடிவம் ரஷ்யாவில் பிறந்ததே இல்லை. ஜெர்மனியில் யேனா நகரத்து கார்ல் சைஸ் கம்பெனியின் பயோட்டார் 58 மி.மீ. லென்ஸ்தான் அதன் மூலம். போருக்குப் பிறகு சோவியத் தொழிற்சாலைகள் அந்த வடிவத்தை எடுத்து, ஜெனித் கேமராவோடு சேர்த்து விற்க லட்சக்கணக்கில் அடித்துத் தள்ளின. ஆக, இன்று பட்டுத் துணியில் பொதிந்து விற்கிற இந்த லென்ஸ், அதன் காலத்தில் மலிவான மாற்றுச் சரக்கு. ஜெர்மன் லென்ஸ் வாங்க முடியாதவன் வாங்கியது.

நம் யாஷிகாவை மட்டும் என்ன சொல்வது? எழுபதுகளில் ஸ்டுடியோக்காரர்கள் பலர் கழுத்தில் தொங்கியது அதுதான். நான்கு கண்ணாடி கொண்ட அதன் யாஷினான் லென்ஸ், 1902-இல் பால் ருடால்ஃப் வடிவமைத்த டெஸ்ஸார் வழியில் வந்தது. அன்றைக்குப் பெரியவர்கள் நம்மைப் பார்த்து என்ன சொன்னார்கள், ஞாபகம் இருக்கிறதா? "ஜப்பான்காரன் சரக்கா? ரோலிஃப்ளெக்ஸ் மாதிரி வருமா?" அவர்கள் சொன்னதை நாம் கேட்கவில்லை. யாஷிகாவிலேயே எடுத்தோம், அந்தப் படங்கள் இன்றைக்கும் சுவரில் தொங்குகின்றன. நம்மை எரிச்சலூட்டிய அதே கேள்வியைத்தான் இன்று பேரன்களிடம் போடுகிறோம்.

1950-ஆம் வருஷத்து இரண்டு நிகழ்ச்சிகள் எனக்கு இந்த விஷயத்தில் அடிக்கடி நினைவுக்கு வரும். ஒன்று, 'லைஃப்' பத்திரிகையின் டேவிட் டக்ளஸ் டங்கன் டோக்கியோவில் ஜப்பானிய நிக்கார் லென்ஸைப் பார்த்து, சோதித்து, தன் லைக்காவில் மாட்டிக்கொண்டு கொரியப் போருக்குப் போனது. ஜெர்மன் லென்ஸைத் தவிர வேறெதையும் மதிக்காத அமெரிக்கப் பத்திரிகை உலகம் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஜப்பான் பக்கம் திரும்பியது. இன்னொன்று நம் ஊரில் நடந்தது. ஏப்ரல் 24 தரிசன நாளை ஒட்டி ஆன்றி கார்ட்டியே பிரெஸ்ஸோன் ஆசிரமத்துக்கு வந்தார். மறுநாள் ஸ்ரீஅரவிந்தரை அவருடைய அறையிலேயே படமெடுத்தார். அதே வருஷம் டிசம்பர் 5-இல் ஸ்ரீஅரவிந்தர் மறைந்தார். அந்தப் படங்களைப் பார்க்காதவர் நம் ஊரில் குறைவு. கார்ட்டியே பிரெஸ்ஸோன் கையில் இருந்தது அவர் காலத்து லைக்கா. ஐம்பது வருஷம் பழைய லென்ஸ் கிடைக்குமா என்று செட்டித் தெருவில் தேடிக்கொண்டு அவர் அலையவில்லை.

இனி 'கேரக்டர்' என்ற மந்திரச் சொல்லுக்கு வருகிறேன். பழைய லென்ஸில் கேரக்டர் இருக்கிறதாம். பின்னணி இலைகள் சுழல் மாதிரி சுற்றுகின்றனவாம். வெயிலுக்கு எதிரே எடுத்தால் கனவு மாதிரி இருக்கிறதாம். ஆய்வுக்கூடத்தில் இவற்றுக்கு நாங்கள் வேறு பெயர்கள் வைத்திருந்தோம். சுழல் தெரிவது, ஓரத்துக்குப் போகிற ஒளிக்கற்றையை லென்ஸின் விளிம்பு வெட்டிவிடுவதாலும் குவியும் தளம் வளைந்திருப்பதாலும். கனவு மாதிரி இருப்பது, உள்ளே ஒளி பட்டுப் பட்டுத் தெறித்து படம் முழுவதும் பால் ஊற்றியது போல வெளுப்பதால். இந்தக் குறைகளைப் போக்கத்தான் நூறு வருஷமாக எத்தனையோ பேர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள்.

கணக்கு எளிது. பூச்சு இல்லாத கண்ணாடியில் ஒளி நுழைகிற ஒவ்வொரு பரப்பிலும் நூற்றுக்கு நான்கு பங்கு திரும்பிவிடும். ஆறு கண்ணாடிகளை நான்கு தொகுதியாக அடுக்கிய லென்ஸில் காற்றைத் தொடும் பரப்புகள் எட்டு. 0.96-ஐ எட்டு முறை பெருக்குங்கள், 0.72 வரும். கால் பங்குக்கு மேல் ஒளி வழியிலேயே தொலைகிறது. தொலைவதில் ஒரு பகுதி சும்மா போகாமல் உள்ளேயே சுற்றி வந்து படத்தின் கறுப்பைச் சாம்பலாக்குகிறது. 1935-இல் சைஸ் கம்பெனியில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா இதற்கு மருந்து கண்டுபிடித்தார். கண்ணாடியின் மேல் மெல்லிய படலம் ஒன்றைப் பூசினால் தெறிப்பது குறையும். ஹீலியோஸில் பெரும்பாலும் இருப்பது அந்த ஒற்றைப் பூச்சு. இன்றைய மலிவு லென்ஸிலும் பல அடுக்குப் பூச்சு இருக்கிறது. பரப்புக்கு அரை சதவீதம் தொலைகிறது என்று வைத்துக்கொண்டால் எட்டுப் பரப்பைத் தாண்டியும் 96 சதவீத ஒளி உள்ளே வந்துவிடும்.

வெறும் கணக்கு மட்டும் போடவில்லை. போன மாசி மாதம் ஒரு சாயங்காலம், அந்தப் பையனையும் கூட்டாளி ஒருவனுடைய மிரர்லெஸ் கேமராவையும் ட்ரைபாடையும் அழைத்துக்கொண்டு பாரதி பூங்காவுக்குப் போனேன். ஆயி மண்டபத்துக்குக் கிழக்கே நின்றால் மேற்கு வெயில் வளைவுகளுக்குள் புகுந்து நேராகக் கண்ணில் அடிக்கும். வெள்ளைக் கட்டடம், எதிர்வெயில், இரண்டும் லென்ஸுக்கு வைக்கிற கடுமையான பரீட்சை. முதலில் என் டகுமார், பிறகு பத்தாயிரம் ரூபாயைச் சுற்றி விற்கிற ஒரு புது 50 மி.மீ. எஃப்/1.8. ஒரே இடம், ஒரே உயரம்.

எஃப்/8-இல் எடுத்த படங்களைக் கலைத்துப் போட்டு எது எது என்று கேட்டேன். பையன்கள் இருவராலும் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. எஃப்/2-இல் எடுத்தவற்றில் ஒரு நொடி கூட ஆகவில்லை. டகுமார் படத்தில் தூண்களின் விளிம்பில் ஊதா நிறக் கோடு, வளைவின் நிழலில் சாம்பல் பூத்தது போல ஒரு மூட்டம். புது லென்ஸில் தூணின் சுண்ணாம்புப் பூச்சில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. டகுமாரை நாற்பது வருஷம் கொஞ்சிக் குலாவியவன் நான். இருந்தாலும் கண்ணெதிரே இருப்பதை மறுக்க முடியுமா?

பழையதுக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிடுகிறேன். டகுமாரின் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பும் சுகம் இருக்கிறதே, வெண்ணெயில் விரலை ஓட்டுவது போல. புது லென்ஸின் வளையம் பேனா மூடியைத் திருகுகிற மாதிரி இருக்கிறது. தூர அளவு, அபர்ச்சர் எண் எல்லாம் பித்தளையிலும் அலுமினியத்திலும் வெட்டி வைத்திருப்பதால், கற்றுக்கொள்கிற பிள்ளைக்கு அது நல்ல வாத்தியார். வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்துப் பழகட்டும், யார் வேண்டாம் என்றது? பன்னிரண்டாயிரம் கொடுத்து வாங்காதே என்பதுதான் என் பேச்சு.

அதிலும் தொழில் செய்கிறவன் வாங்கவே கூடாது. கெட்டிமேளம் கேட்டதும் மூன்று முடிச்சு விழ எத்தனை நொடி? எட்டடி தூரத்தில் எஃப்/2-இல் எடுத்தால், அந்தப் பையனிடம் இருக்கிற மாதிரி சின்ன சென்சார் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஒரு சாணுக்கும் குறைவு. மாப்பிள்ளை முன்னால் குனிகிறார், நாத்தனார் பின்னாலிருந்து கையை நீட்டுகிறாள், மேலே அட்சதை பறக்கிறது. கையால் வளையத்தைத் திருப்பி அந்த ஒரு சாணைப் பிடிக்க வேண்டும். புது லென்ஸ் கண்ணைத் தேடிப் பிடித்துக்கொள்ளும். தாலி கட்டிய படம் மங்கலாக வந்தால் 'இது கேரக்டர்' என்று பெண்ணின் அப்பாவிடம் போய்ச் சொல்லட்டும் பார்ப்போம்.

நம் ஊர்க் காற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. அந்த ஈரத்தில்தான் லென்ஸுக்குள் ஃபங்கஸ் பிடிக்கிறது. முதலில் ஓரத்தில் சிலந்தி நூல் மாதிரி ஒரு கோடு. பிறகு அது கிளை விட்டுப் படர்கிறது. துடைத்தால் போய்விடும் என்று விற்கிறவர் சொல்வார். பூஞ்சை போகலாம், ஆனால் அது கக்கும் அமிலம் பூச்சை அரித்திருந்தால் அந்தத் தழும்பு போகவே போகாது. கண்ணாடிகளை ஒட்டியிருக்கும் பசை விட்டுப் போனால் உள்ளே வானவில் தெரியும். அபர்ச்சர் இதழில் எண்ணெய் கசிந்தால் அது மெதுவாக மூடும். முன்பெல்லாம் இதைப் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டித் தர ஊரில் கைதேர்ந்த ஆட்கள் இருந்தார்கள். இப்போது சென்னைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியதும் திரும்பி வர மாதக் கணக்காகும், கூலியும் புது லென்ஸ் விலையில் பாதியைத் தொட்டுவிடும்.

என் டகுமாருக்கு இன்னொரு வியாதியும் உண்டு. அதன் பின்பக்கக் கண்ணாடி ஒன்றில் தோரியம் கலந்திருக்கிறது. ஒளியை நன்றாக வளைக்கும் என்று அந்தக் காலத்தில் பல கம்பெனிகள் சேர்த்தார்கள். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இருக்கிறதே, அதே தோரியம்தான். கதிரியக்கத்தால் வருஷம் ஆக ஆகக் கண்ணாடி பழுப்பாகி, டீ டிகாஷன் வழியாகப் பார்ப்பது போல ஆகிவிடும். பயப்பட வேண்டிய அளவு இல்லை, கண்ணில் ஒட்டிக்கொண்டு தூங்கினால் தவிர. நல்ல வெயிலில் சில நாள் வைத்தால் பழுப்பு தெளியும். என் மனைவி அதை வடகத்தோடு சேர்த்து மொட்டை மாடியில் காய வைப்பாள். இந்தப் பழுப்பையும் 'வார்ம் டோன்' என்று சொல்லி விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"படம் என்பது கலை. எல்லாம் துல்லியமாக இருக்க வேண்டுமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு நான் செயின்ட் லூயி வீதியைக் காட்டினேன். அங்கே பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் இருக்கிறது, 1955-இல் தொடங்கியது. தென்னிந்தியக் கோயில்களையும் சிலைகளையும் ஊர் ஊராகப் போய்ப் படமெடுத்து வைத்தார்கள். ஏறத்தாழ 1,60,000 படங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து நடராசர் திருடு போனார். 2008-இல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் அந்தச் சிலையைப் பல லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. இது எங்கள் கோயில் நடராசர்தான் என்று நிரூபிக்க உதவியது இந்த இன்ஸ்டிட்யூட்டில் இருந்த பழைய படம். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் சிலையை நம் பிரதமரிடம் ஒப்படைத்தார். அந்தப் படத்தை எடுத்தவர் கலைக்காகத் திருவாசியைச் சுழலவிட்டு, சடையைப் பால் மூட்டத்தில் கரைத்திருந்தால் எதை எதோடு ஒப்பிட்டிருப்பார்கள்? நண்பர் பேச்சை மாற்றினார்.

இங்கேதான் என் உண்மையான கோபம் இருக்கிறது. பழையதைக் காப்பாற்ற வேண்டும் என்ற ஆசை நல்ல ஆசை. அந்த ஆசையைத் தவறான பொருளின் மேல் கொட்டுகிறோம். லென்ஸைக் கண்ணாடி ஷோகேசில் வைத்து விளக்குப் போடுகிறோம். அந்த லென்ஸ் எடுத்த நெகடிவ் எங்கே என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

நான் வளர்ந்த தெருவில் ஒரு ஸ்டுடியோ இருந்தது. பெயர் வேண்டாம். ஊரில் பாதிப் பேருக்கு முதல் பிறந்தநாள் படமும் பாஸ்போர்ட் படமும் அங்கேதான். என் அக்கா கல்யாணத்தை எடுத்தவர்களும் அவர்கள்தான். கடையை மூடியபோது கேமராக்களை நல்ல விலைக்கு விற்றார்கள். நெகடிவ்கள் மூட்டை மூட்டையாகப் பழைய பேப்பர்காரரிடம் போயின. அதில் இருக்கும் வெள்ளியைப் பிரித்தெடுக்க எடைக்கு வாங்குகிறவர்கள் இருந்தார்கள். அக்கா கல்யாணத்தில் இன்று மிஞ்சியது ஒரே ஒரு படம். அதுவும் ஈரத்தில் ஃப்ரேம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, அத்திம்பேரின் முகம் பாதி கரைந்துவிட்டது. நம் ஊரில் மட்டும் நடந்த கதை இல்லை இது. பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணப் பாதுகாப்புத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் பழைய ஸ்டுடியோக்களில் மிஞ்சியதைத் தேடி நகலெடுக்கும் வேலையைப் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட் செய்தது. வெளிநாட்டுப் பணம் வந்துதான் நம் தாத்தா பாட்டி முகத்தைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

2014 நவம்பர் 29 மழையில் மேரி கட்டடம் இடிந்து விழுந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த நாள் போய் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். செங்கல் குவியல்தான் கிடந்தது. அதற்கப்புறம் அந்த முகப்பைப் பார்க்க வேண்டுமென்றால் படத்தில்தான் பார்க்க முடிந்தது. இன்று அதே சாயலில் திரும்பக் கட்டி நிற்கிறது. எல்லாக் கட்டடத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் கிடைக்காது. முத்தியால்பேட்டையிலும் வைசியாள் வீதிப் பக்கத்திலும் திண்ணை வைத்த தமிழ் வீடுகள் எத்தனை போயின! அந்த வீட்டு வாசலில் நின்று எடுத்த குடும்பப் படத்தின் நெகடிவ் யாரோ ஒருவர் பரணில் பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. அதை எடுத்தது எந்த லென்ஸ்? பெரும்பாலும் பரோடாவில் செய்த ஆக்ஃபா கிளிக் 3. ஒற்றைக் கண்ணாடி வில்லை, அவ்வளவுதான். என் அம்மா சிரித்தபடி இருக்கிற ஒரே படம் அந்த டப்பா கேமராவில் எடுத்தது. அந்த ஃபிலிம் ஊட்டியில் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் செய்த 'இந்து'. பௌஷே என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் கூட்டோடு வந்த தொழிற்சாலை அது.

ஆகவே, பழைய லென்ஸ் ஏதாவது வாங்கியே தீர வேண்டும் என்று கை துறுதுறுத்தால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நிக்கானின் மைக்ரோ நிக்கார் 55 மி.மீ. எஃப்/3.5. இந்த வரிசையின் மூதாதை 1956-இல், ஜப்பானிய எழுத்துக்களின் நுணுக்கமான கோடுகள் மைக்ரோஃபிலிமில் கரைந்துவிடாமல் இருப்பதற்காகச் செய்தது. கேரக்டர் கிடையாது, சுழல் கிடையாது. ஓரம் வரை நேர்கோடு நேர்கோடாகவே வரும். தனியாகப் பாதி அளவு வரைக்கும், வளையம் சேர்த்தால் முழு அளவுக்கும் நெருங்கி எடுக்கும். அசையாத பொருளுக்கு ஆட்டோஃபோகஸ் தேவையில்லை. ஃபங்கஸ் இல்லாததாகக் கிடைத்தால் நெகடிவை நகலெடுக்க அதைவிட மலிவான நல்ல கருவி எனக்குத் தெரியாது. கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை, பேரன் கேமராவோடு வந்த லென்ஸும் ஒரு நெருங்கல் வளையமும் போதும்.

வேலை பெரிதில்லை. படம் வரைகிற பிள்ளைகள் வைத்திருக்கும் வெளிச்சப் பலகை ஒன்று வேண்டும். அது இல்லையென்றால் டேப்லெட்டில் வெள்ளைத் திரையைப் போட்டு, இரண்டு அங்குலம் மேலே பால் நிற அக்ரிலிக் தகட்டை வைத்து, அதன் மேல் நெகடிவை வையுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். கேமரா நேர் கீழே பார்க்கட்டும். எஃப்/8, தாமதமாகச் சொடுக்கும் டைமர். மங்கலான பக்கம் கீழே, பளபளப்பான பக்கம் கேமராவைப் பார்த்து. கறுப்பை வெள்ளையாக்குகிற வேலையைப் பேரப்பிள்ளைகள் கைபேசியிலேயே செய்துவிடுவார்கள். நான் ஒரு சாயங்காலத்தில் நாலைந்து சுருள் முடிக்கிறேன்.

டின்னைத் திறந்ததும் புளித்த காடி மாதிரி வாடை வந்தால் ஃபிலிமே சிதைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் வெக்கைக்கு அது சீக்கிரம் வரும். அந்தச் சுருள்களை உடனே தனியாக எடுத்து வையுங்கள், அதன் ஆவி பக்கத்துச் சுருளையும் பிடித்துவிடும். பிளாஸ்டிக் உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு வெள்ளைக் காகித உறைக்கு மாற்றுங்கள். நகலெடுக்கும் வரிசையில் அவைதான் முதலில் வர வேண்டும், நல்ல நிலையில் இருப்பது அடுத்த மழைக்காலம் வரை தாங்கும்.

வியாழக்கிழமை மாலைகளில் நான் வீட்டில்தான் இருக்கிறேன். தெரிந்தவர்கள் டின்னோடு வரலாம். அந்தப் பையன் ஹீலியோஸை விற்றுவிட்டு, இப்போது அவனும் வந்து உதவி செய்கிறான். போன வாரம் குயவர்பாளையத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். அவர் டின்னில் பன்னிரண்டு சுருள் இருந்தன, மூன்று ஏற்கனவே புளித்துவிட்டன.